நீந்தத் தெரியாத வாத்தியார்



பண்டிதரும் படகோட்டியும் கதையை அறியாத தமிழ்ப்பள்ளி மாணவர் இலர் எனலாம். ஆற்றைக் கடக்கும் பண்டிதர் ஒருவர், 'உனக்கு இலக்கணம் தெரியுமா, தத்துவம் தெரியுமா?' என்று படகோட்டியை வரிசையாகக் கேட்பார். அவன் தெரியாது என்று சொல்லச் சொல்ல, உன் வாழ்நாளில் கால்பங்கு வீண், அரைப்பங்கு வீண் என்று கணக்குச் சொல்வார். நடு ஆற்றில் படகுக்குள் நீர் ஏறும். 'ஐயா, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?' என்று படகோட்டி கேட்பான். அவ்வளவுதான் கதை.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இக்கதையை வகுப்பில் சொல்லி வருகிறேன். ஏட்டறிவு மட்டும் போதாது, பட்டறிவும் வேண்டும் என்று படிப்பினையைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களைப் பார்த்தெழுதச் சொல்லி, வகுப்பை முடிப்பேன். 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், கதை முடிந்ததும் கையை உயர்த்தினான்.

"சார், உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, "கேள்வி கதையைப் பற்றி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னேன். விடை சொல்லாமல் நான் தப்பித்த அந்தக் கேள்வி, அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் கடல் நடுவே என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த நாளைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். இதுவரை எழுதாமல் இருந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. வெட்கந்தான்.

அப்போது நான் பணியாற்றிய பள்ளி கோல சிலாங்கூர் மாவட்டத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் விளிம்பில் இருந்தது. எங்கள் மாணவர்களின் தாத்தா பாட்டிமார் அதே மண்ணில் பால்மரம் சீவியவர்கள். பிறகு பால்மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இளைய குடும்பங்கள் புக்கிட் ரோத்தான், ஜெராம், 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை என்று பட்டணப் பக்கம் நகர்ந்துவிட்டன. 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ளதால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று பட்டியலிடப்பட்ட பள்ளிகளுள் எங்களுடையதும் ஒன்று. அவ்வாண்டு ஆறாம் ஆண்டில் 18 பேர்தாம் இருந்தனர்.

கடல் எங்களுக்குத் தூரமில்லை. பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம். ஆயினும் அந்தப் பதினெண்மரில் படகில் ஏறியவர்கள் மூவர் மட்டுமே. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் பழைய ஈயக் குட்டையும் தோட்டத்துக் கால்வாயும்தான். இரண்டிலும் இறங்கக்கூடாது என்பதே அவர்கள் கற்ற நீச்சல் பாடம். நானும் அதே பாடத்தைக் கற்று வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைதான்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு அப்போது இருந்தது. 2021இல்தான் அது நீக்கப்பட்டது. தேர்வு முடிந்தபின் பிள்ளைகளை எங்கேனும் அழைத்துச் செல்வது எங்கள் வழக்கம். அவ்வாண்டு அவர்கள் ஒரே குரலில் கேட்டது 'ஸ்கை மிரர்'. கோல சிலாங்கூர்க் கரையிலிருந்து படகில் ஏறத்தாழ அரை மணி நேரம் சென்றால் கடலுக்குள் ஒரு மணல்மேடு இருக்கிறது. சாசாரான் கடற்கரை என்றும் அதைச் சொல்வார்கள். மாதத்தில் பெரும்பாலான நாள்கள் அது நீருக்கடியில் கிடக்கும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாள்களில் மட்டும், கடல் நன்றாக வற்றும் வேளையில் தலைகாட்டும். அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் தேங்கி நிற்க, வானமும் முகிலும் நிற்பவர் உருவமும் கண்ணாடியில் போலத் தெரியும். 'வானக் கண்ணாடி' என்று நான் தமிழில் பெயர் வைத்தேன். பிள்ளைகளுக்கு அப்பெயர் பிடித்துவிட்டது.

இதில் ஓர் அறிவியல் பாடமும் உண்டு. ஞாயிறும் திங்களும் பூமியும் ஒரே கோட்டில் வரும் நாள்களில் இரண்டின் ஈர்ப்பும் சேர்வதால், கடல் மிக உயர்ந்து ஏறி மிகத் தாழ்ந்து வற்றுகிறது. கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய இந்தக் கரையில் அத்தகைய நாள்களில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு நான்கு மீட்டர் அளவுக்கு இருக்கும். இரண்டு ஆள் உயரத்திற்கும் மேல்! கரையோ சரிவில்லாத சேற்றுக்கரை. ஆகவே நீர் சற்றே இறங்கினாலும் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். இதையெல்லாம் படம் வரைந்து விளக்கியவன் நான்தான் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மகாளய அமாவாசை கழிந்த சனிக்கிழமை, அக்டோபர் 13, என்று நாள் குறித்தோம். மாவட்டக் கல்வி அலுவலகத்திற்குக் கடிதம் போயிற்று. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பேருந்துச் செலவை ஏற்றுக்கொண்டது. படகுக்குத் தலைக்கு ஐம்பது ரிங்கிட். நான்கு குடும்பங்களால் அதைக் கட்ட இயலவில்லை. ஆசிரியர் அறையில் ஒரு பழைய மைலோ டின்னை வைத்துச் சமாளித்தோம்.

தலைமையாசிரியர் அம்மாவுக்கு மட்டும் அரைமனம். அவர் மறக்காதது 2009ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் பேராக் மாநிலம் கோலா டிப்பாங்கில் நடந்த கொடுமை. பள்ளி மாணவர் முகாமொன்றின்போது ஆற்றின்மேல் இருந்த தொங்குபாலம் அறுந்து விழுந்தது. மூன்று மாணவிகள் உயிரிழந்தனர். மூவரும் நம் பிள்ளைகள். "அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவது எளிது, சார், கையெழுத்துப் போட்டவர் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதுதான் கடினம்" என்றார். நான் எல்லாம் சரியாக இருக்கும் என்றேன்.

கையெழுத்துப் போட மறுத்தவர் ஒருவர்தான்: நீந்தத் தெரியுமா என்று கேட்ட அதே மாணவனின் பாட்டி. தாய் தந்தை இல்லாத பிள்ளை அவன், பாட்டிதான் எல்லாம். வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டுக்கே போனேன். சிறுமியாக இருக்கும்போது நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர் அவர். "கடல ஒருவாட்டி பாத்துட்டேன் வாத்தியாரே, ஏழு நாளு. அதுவே போதும்" என்றார். "புரட்டாசிச் சனியும் அதுவுமா எதுக்கு?" என்றும் கேட்டார். மற்றப் பிள்ளைகள் அனைவரும் போக இவன் மட்டும் வீட்டில் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று நான் வாதாடினேன். வாதாடுவதுதானே நம் தொழில்! இறுதியில் பெருவிரலை மையில் ஒற்றினார். "புள்ளைய உங்கள நம்பித்தான் அனுப்புறேன்" என்றார்.

மறுநாள் காலை பேருந்து வரவில்லை. பத்து மணிக்கு வரவேண்டியது பதினொன்றே முக்காலுக்கு வந்தது. பிள்ளைகள் எட்டு மணியிலிருந்தே புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். பதினொன்றேகாலுக்குப் படகேற வேண்டிய நாங்கள் படகுத்துறையை அடைந்தபோது பன்னிரண்டு நாற்பது.

படகோட்டி அறுபது வயது மதிக்கத்தக்க மலாய்க்காரர். மூங்கில் கழியொன்றை ஊன்றிக்கொண்டு நின்றார். ஆற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சிக்கு, நீர் இறங்கிவிட்டது. மற்றப் படகுகளெல்லாம் போய்விட்டன. இன்றைக்கு வேண்டாம், அடுத்த பௌர்ணமிக்கு வாருங்கள்" என்றார். மலாய்க்காரர்கள் ஆசிரியரைச் சிக்கு என்று அழைப்பதைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகள் வாய்க்குள் சிரிப்பார்கள். அன்றும் சிரித்தார்கள். சற்று நேரத்தில் நாங்கள் உண்மையாகவே சிக்கப்போகிறோம் என்பது யாருக்குத் தெரியும்?

முன்பதிவு மேசையில் இருந்தவர், போகலாம், இப்போது விட்டால் பணம் திரும்பாது என்றார். பதினெட்டு முகங்கள் என்னையே பார்த்தன. மைலோ டின் நினைவுக்கு வந்தது. மறுபடியும் கடிதம், மறுபடியும் பேருந்து, மறுபடியும் அந்தப் பாட்டி. "பாக் சிக், கொஞ்சம் பாருங்களேன். பிள்ளைகள் வெகுநாளாகக் காத்திருந்தார்கள்" என்று நான் கெஞ்சினேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுப் படகை அவிழ்த்தார்.

உயிர்காப்புச் சட்டைகளை எண்ணினேன். பிள்ளைகள் 18, ஆசிரியர்கள் மூவர். ஆக 21 வேண்டும், 21 இருந்தன. ஆனால் ஒன்றின் கொக்கி உடைந்திருந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, என்னுடையதை அணிவதற்காகக் காத்திருந்த மாணவனுக்குக் கொடுத்தேன். அந்த மாணவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது அதைத் தியாகம் என்று எண்ணி மனத்திற்குள் மகிழ்ந்தும்கொண்டேன். சட்டை போதவில்லை என்றால் படகு புறப்படக்கூடாது என்பதே சரியான விடை. என் மாணவர் ஒருவர் தேர்வில் வேறு விடை எழுதியிருந்தால் நான் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

எதிர்க்கரையில் பாசிர் பெனாம்பாங். பெனாம்பாங் என்றால் மலாயில் ஆற்றைக் கடத்திவிடும் படகு. பாலம் இல்லாத காலத்துப் பெயர். பின்னால் புக்கிட் மெலாவத்தி குன்றும், அதன்மேல் 1907இல் எழுப்பிய வெண்ணிறக் கலங்கரை விளக்கமும் தெரிந்தன. 1784இல் டச்சுக்காரர் அந்தக் குன்றைப் பிடித்துக் கோட்டைக்கு ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்ததையும், மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டதையும் இயந்திர ஒலிக்கு மேலே கத்திச் சொல்லிக்கொண்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை. செம்பருந்துகள் தலைக்குமேல் வட்டமிட்டன. பிள்ளைகள் நீரில் கைவிட்டுக் கூச்சலிட்டார்கள். மகிழ்ச்சி என்றால் அதுதான்.

ஆற்றுவாயைத் தாண்டியதும் படகோட்டி படகை இடப்புறம் வளைத்தார். ஆழமான கால்வாய் அப்படித்தான் சுற்றிப் போகிறது, இன்னும் இருபது நிமிடம் கூடுதலாகும் என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "நேராகப் போக முடியாதா?" என்று கேட்டேன். முடியும், ஆனால் நீர் குறைவு என்றார். "முயன்று பார்க்கலாமே" என்று சொன்னது என் வாய்தான். இதை அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்.

ஒன்று பத்துக்குப் படகு ஒரு பெருமூச்சு விட்டதுபோல் நின்றது. மோதவில்லை, குலுங்கவில்லை. மெத்தையில் உட்கார்ந்தது போன்ற ஓர் அமைதி. படகோட்டி இயந்திரத்தைப் பின்னோக்கி முடுக்கினார், கருஞ்சேறு கொதித்தெழுந்தது. மூங்கிலை ஊன்றித் தள்ளினார். மூங்கில் இறங்கியதே தவிரப் படகு நகரவில்லை. இரண்டு பையன்கள், "நாங்கள் இறங்கித் தள்ளுகிறோம், சார்!" என்று எழுந்தார்கள். படகோட்டி ஒன்றும் பேசாமல் மூங்கிலைச் சேற்றிலிருந்து உருவிக் காட்டினார். ஒரு பிள்ளையின் மார்பளவுக்குச் சேறு அப்பியிருந்தது. இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

வடிகின்ற நீரில் தரைதட்டிய படகை எவராலும் அசைக்க முடியாது. நிமிடத்திற்கு நிமிடம் நீர் போய்க்கொண்டே இருக்கும். படகின் பாரமெல்லாம் சேற்றின்மேல் இறங்கும். அரை மணி நேரத்தில் எங்களைச் சுற்றிக் கடலே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பளபளக்கும் சேறு. தொலைவில், நாங்கள் போய்ச் சேர வேண்டிய திசையில், எறும்புகளைப்போல் மனிதர்கள் நடமாடுவது தெரிந்தது. அதுதான் வானக் கண்ணாடி. நாங்கள் பார்த்தது அவ்வளவே.

முதல் ஒரு மணி நேரம் உண்மையில் நன்றாகவே கழிந்தது. சேற்றில் கண்கள் பிதுங்கிய மீன்கள் துடுப்பையே காலாக ஊன்றித் தாவின. ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள் அதை ஆட்டி ஆட்டி எங்களைக் கூப்பிட்டன. கூட்டங்கூட்டமாக உள்ளான்கள் இரை தேடின. வடக்கே குளிர் தொடங்கும் இம்மாதங்களில் சைபீரியா வரையுள்ள நிலங்களிலிருந்து வந்து இச்சேற்றில் தங்கிச் செல்பவை அவை. எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்து உண்டோம்.

படகின் கூரைத்தூணில் கடலேற்ற அட்டவணை ஒட்டியிருந்தது. இரண்டு நாற்பதுக்கு நீர் மிகத் தாழும் என்று போட்டிருந்தது. பழக்கத்தால் கணக்குக் கேட்டேன். "படகு ஒன்று பத்துக்குத் தட்டியது. நீர் இரண்டு நாற்பது வரை இறங்கும். அதன்பின் அதே வேகத்தில் ஏறுமானால், படகு எப்போது மிதக்கும்?" பாட்டியின் பேரன்தான் முதலில் சொன்னான். "நாலு பத்து, சார்." சரியான விடை. சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறியது. நாலு பத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்பதும் அந்த விடைக்குள்ளேயே இருந்தது.

தலைமையாசிரியருக்கு நான் அப்போதும் அழைக்கவில்லை. கைப்பேசியில் அலைவரிசை இருந்தது. எனினும் படகு எப்படியாவது மிதந்துவிடும், நடந்ததைச் சொல்லாமலே திரும்பிவிடலாம் என்ற நப்பாசை. உடன் வந்த இளைய ஆசிரியை, "சார், நீங்கள் கூப்பிடுகிறீர்களா, நான் கூப்பிடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டபோது மணி இரண்டேகால். அழைத்தேன். மறுமுனையில் அம்மா இரண்டே கேள்விகள்தாம் கேட்டார். பிள்ளைகள் எல்லாரும் நலமா? எல்லாரும் சட்டை அணிந்திருக்கிறார்களா? பிள்ளைகள் எல்லாரும் அணிந்திருக்கிறார்கள் என்றேன். அவர் கரையிலிருந்த காவலர்களுக்குச் செய்தி சொன்னார். நீர் ஏறாமல் எந்தப் படகும் எங்களை அணுக முடியாது, ஆனாலும் ஆற்றுவாயில் ஒரு படகு காத்திருக்கும் என்று விடை வந்தது.

அந்த உரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்த அவன் என்னையே பார்த்தான். "சார், உங்களுக்குச் சட்டை இல்லையே. உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

இம்முறை புரட்டுவதற்குப் பக்கம் இல்லை. "தெரியாது" என்றேன். பதினெட்டுப் பிள்ளைகளும் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

மூன்று மணிக்குக் கரைப்பக்கம் கறுத்தது. அக்டோபர் பருவமாற்றக் காலம். மாலை இடியும் மழையும் இப்பகுதிக்குப் புதியனவல்ல. வகுப்பறைக்குள் இருந்து பார்க்கும் இடி வேறு. பரந்த சேற்றின் நடுவே, உயரமான பொருளென்று நாம் மட்டுமே இருக்கும்போது பார்க்கும் இடி வேறு. படகோட்டி மூங்கிலைப் படுக்க வைத்தார். கூரைத்தூண்களிலிருந்து கையை எடுத்துவிட்டு எல்லாரையும் படகின் அடித்தளத்தில் நெருக்கமாக உட்காரச் சொன்னார். "எவரும் எழக்கூடாது, எவரும் ஒரே பக்கம் சாயக்கூடாது. நீர் வரும்போது படகு திடீரென ஆடும்" என்றார். எனக்குத் தேக்கடி நினைவு வந்தது. 2009 செப்டம்பர் 30இல் அந்த ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். விலங்குகளைப் பார்க்கப் பலரும் ஒரு பக்கமாக நகர்ந்ததாக அப்போது செய்திகள் வந்தன. பிள்ளைகளிடம் அதைச் சொல்லவில்லை.

முதல் மின்னல் வெட்டியதும் ஒரு மாணவி அழத் தொடங்கினாள். அழுகை தொற்றிக்கொள்ளும் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். "எண்ணுங்கள்!" என்றேன். ஒளி உடனே வந்துவிடும். ஒலி ஒரு கிலோமீட்டர் வருவதற்கு ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். எல்லாரும் சேர்ந்து உரக்க எண்ணினோம். இருபத்தொன்றில் இடித்தது. ஏழு கிலோமீட்டர். அடுத்த மின்னலுக்குப் பதினைந்து. அதற்கடுத்து ஒன்பது. மூன்று கிலோமீட்டர். குரல்கள் தாழ்ந்தன. மழை சரிந்து அடித்தது. என் தொடையோடு ஒட்டி அவன் உட்கார்ந்திருந்தான். அவன் அணிந்திருந்த சட்டையின் பட்டையை என் கை தானாகவே பிடித்திருந்தது. அவனைக் காப்பதற்காகப் பிடித்தேனா, நான் மிதப்பதற்காகப் பிடித்தேனா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த நாளில் என்னை மிகவும் உறுத்துவது அதுதான்.

அடுத்த மின்னல். எண்ணினோம். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து... பதினெட்டில் இடித்தது. பிள்ளைகள் வெற்றி பெற்றவர்களைப்போல் ஆரவாரித்தார்கள். அதற்கடுத்தது இருபத்து நான்கு. இடி தெற்கே ஜெராம் பக்கம் நகர்ந்துவிட்டது.

நாலு பத்துக்குப் படகு மிதக்கவில்லை. அதன் பாரம் சேற்றில் பதிந்துபோயிருந்தது. நாலு இருபத்தைந்துக்கு ஒரு முனகலோடு பின்புறம் எழும்பிப் படகு ஆடியது. எவரும் எழவில்லை. படகோட்டி மூங்கிலால் மெல்ல மெல்லத் தள்ளிக் கால்வாய்க்குக் கொண்டுவந்தார். இயந்திரம் உறுமியது. ஆற்றுவாயில் காத்திருந்த படகு எங்களுக்கு முன்னே சென்றது. கரையேறியதும் பிள்ளைகளை எண்ணினேன். பதினெட்டு. திரும்பவும் எண்ணினேன். படகோட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் கேட்டீர்கள், நான் இணங்கினேன். இருவருக்கும் பாதிப்பாதி, சிக்கு" என்றார் அவர். தம் பங்கை அவர் எடுத்துக்கொண்ட விதம் எனக்குப் பாடமாக இருந்தது.

பேருந்து பள்ளியை அடைந்தபோது இருட்டிவிட்டது. வாசலில் பெற்றோர் கூட்டம். பாட்டி யாருடைய மோட்டார்சைக்கிளிலோ ஏறி வந்து, மதில்மேல் உட்கார்ந்திருந்தார். பேரனின் தலையைத் தடவி, "கண்ணாடி பாத்தியாடா?" என்று கேட்டார். "இல்ல பாட்டி, சேறுதான் பாத்தோம்" என்றான் அவன். என்னிடம் அவர் ஒன்றும் பேசவில்லை.

திங்கட்கிழமை அறிக்கை எழுதினேன். தலைமையாசிரியர் அம்மா அதைப் படித்துவிட்டு, "படகு தட்டியது கடலின் செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றேகாலுக்கு வரவேண்டிய அழைப்பு இரண்டேகாலுக்கு வந்ததே, அது யார் செயல்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாரம் பதினெட்டு வீடுகளுக்கும் போனேன். படகோட்டி தடுத்ததையும், நான் வற்புறுத்தியதையும், ஒரு சட்டை குறைந்ததையும் சொன்னேன். சிலர் கோபப்பட்டார்கள். சிலர், பிள்ளைகள் நன்றாகத்தானே வந்தார்கள் என்று ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல்தான் அதிகம் சுட்டது.

பாட்டி வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "எங்கப்பாவும் அவசரப்பட்டுத்தான் கப்பல் ஏறினாரு வாத்தியாரே. அவசரப்பட்டவங்கதான் இங்க வந்து சேந்தோம். ஆனா அவரு அவசரப்பட்டது அவரு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு. நீங்க அவசரப்பட்டது அடுத்தவங்க புள்ளைய வெச்சிக்கிட்டு."

அதன்பின் காப்பி கொடுத்தார்.

அவ்வாண்டு மாணவர்கள் வானக் கண்ணாடியைக் காணாமலே இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டார்கள். நான் அடுத்த சனவரியில் ஒரு பொது நீச்சல் குளத்தில் பெயர் பதிந்தேன். வயது நாற்பத்தாறு. உடன் கற்றவர்கள் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். முகத்தை நீருக்குள் வைக்கவே மூன்று வாரம் ஆயிற்று. அசையாமல் மிதக்க இரண்டு மாதம். இப்போது இருபத்தைந்து மீட்டர் போவேன், அழகாக இல்லாவிட்டாலும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையோடு ஆறாம் ஆண்டு மாணவர்களையும் குளத்திற்கு அழைத்துச் செல்லத் தொடங்கினோம். நோய்த்தொற்றுக் காலத்தில் நின்றுபோய், பிறகு மீண்டும் தொடர்ந்தது. மல்லாந்து மிதக்கவும், பதறாமல் உதவி கேட்கவும் தெரிந்தால் முதற்படிக்குப் போதும். நீருக்கு அஞ்சு என்று மட்டும் சொல்லி வளர்த்த தலைமுறை எங்களுடையதோடு முடியட்டும்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு சொல். சுற்றுலாவின் நாளில் நம் கையில் பணமும் காலமும் பிள்ளைகளின் ஆசையும் இருக்கும். மூன்றும் சேர்ந்து 'போகலாம்' என்றே சொல்லும். 'வேண்டாம்' என்று சொல்ல நீரறிந்த ஒருவர் இருந்தால், அன்றைக்கு அவரே ஆசிரியர்.

பண்டிதர் கதையை இப்போதும் சொல்கிறேன். படிப்பினையை நான் எழுதிப் போடுவதில்லை. பிள்ளைகளையே சொல்லச் சொல்கிறேன். ஆண்டுதோறும் ஏதாவதொரு கை உயரும். "சார், உங்களுக்கு நீந்தத் தெரியுமா?" தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பிப்பதில்லை. எப்போது கற்றுக்கொண்டேன், ஏன் அவ்வளவு தாமதமாகக் கற்றுக்கொண்டேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பாடவேளை முழுவதும் போய்விடுகிறது. போகட்டும்.